பதினோராம் வளைவு

ஏழு மாதம் ஒரு கட்டைப்பைக்குள் இருந்தது.
ஜவுளிக்கடைப் பை. அதில் சிரிக்கும் கல்யாணப் பெண்ணுக்கு
மடிப்பு கிழிந்து ஒரு கண் போயிருந்தது.
ரத்தம், சளி, நிழலாய் என் நெஞ்சு,
எல்லாவற்றையும் தேதிவாரியாய்
ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள் வசந்தாமணி.

டைபாய்டு என்றார் அடிவாரத்து டாக்டர்.
அடுத்தவர், சிக்குன்குனியாவின் மிச்சம்.
மூன்றாமவர் படத்தை ஜன்னலில் பிடித்து டிபி என்றார்;
நான்கு மாதம் கனகாம்பர நிறத்தில் சிறுநீர் போனேன்.
காய்ச்சல் மட்டும் சாயங்காலமானால்
நைட் ஷிப்டுக்கு வரும் ஆள்போல் வந்து நின்றது.

ஐந்து ரோட்டுப் பக்கம், இரண்டாம் மாடி,
கீழே டைல்ஸ் கடை.
தொற்றுநோய் நிபுணர் என்று பலகை.
எந்த உறுப்புக்குங்க என்றேன் சீட்டு எழுதும் பெண்ணிடம்.
உறுப்புக்கு இல்லைங்க, உட்காருங்க என்றாள்.

டாக்டர் ஆபிதா பையை வாங்கி ஓரமாய் வைத்தார்.
வசந்தாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது.
"அப்புறம் பார்க்கிறேன். என்ன வேலை செய்றீங்க?"
ரோட்டு வேலை.
"ரோட்டுல என்ன வேலை?"

ஏழு மாதத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

சொன்னேன். ஐப்பசியில்
பதினோராம் வளைவில் மலை இறங்கிய இரவு.
மேலே ஏற்காட்டிலிருந்து வந்த பிரசவ வேன்
விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது.
ஜேசிபி வர விடியும் என்றார்கள்.
ஆறு பேர், ஆறு மண்வெட்டி, ஒரு டார்ச்.
சேற்றுக்குள் காப்பித் தோட்டத்து முள்கம்பி கிடந்ததை
என் கெண்டைக்கால்தான் முதலில் கண்டுபிடித்தது.
அந்தச் சேற்றையே அப்பிக்கொண்டு வெட்டினேன்.
நாலு மணிக்கு வேன் போயிற்று.
உள்ளே அழுதது தாயா பிள்ளையா, தெரியவில்லை.

தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.
அது அப்பவே ஆறிடுச்சுங்க என்றேன்.
"கதவு சாத்தியாச்சு. ஆள் உள்ளே வந்தாச்சு."

பிறகுதான் பையைத் திறந்தார்.
மூன்றாவது ரப்பர் பேண்டுக்குள் ஒரு தாள்:
வெளியிலிருந்து கலந்த கிருமி,
பொருட்படுத்த வேண்டியதில்லை.
அந்த வரியின் மேல் அவர் விரல் நகராமல் நின்றது.

மண்ணீரலில் ஊசி விட்டுச் சீழ் எடுத்தார்கள்.
நாலு நாள் வளர்த்து, போனில் படம் காட்டினார்;
வற்றலுக்குக் காய்ந்த சுண்டைக்காய்போல்
சுருங்கிச் சுருங்கிச் சின்ன வட்டங்கள்.
பெயர் சொன்னார். என் வாயில் நிற்கவில்லை.
மண்ணில் இருப்பதாம். மழைக்கு மேலே வருமாம்.
சர்க்கரை உள்ளவன் என்றால் அதற்கு லேசாம்.

எட்டு மணி நேரத்துக்கு ஓர் ஊசி.
வசந்தாமணி சொசைட்டிக்குப் போய்வந்தாள்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை.
ஆறு மணி. ஏழு மணி.
கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடன்காரனைக் காணோமே என்று தேடுகிறவன்போல்
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

குணமாயிடுச்சுங்களா என்று கேட்டாள் அவள்.
"மூணு மாசம் மாத்திரை. விட்டா திரும்பி வரும்.
அடுத்த செவ்வாய் வாங்க" என்றார்.
அவ்வளவுதான்.
கீழே இறங்கித் தட்டுவடை செட் வாங்கினோம்.
நான் இரண்டு தின்றேன். அவள் எண்ணினாள்.

பதினோராம் வளைவில் பஸ் மூச்சு வாங்கித் திரும்பியது.
புதுச் சுவர். அதன் துளைகளில்
செம்மண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.
வசந்தாமணி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.
அதில் டாக்டர் என் ஆபீசுக்கு எழுதிய கடிதம்,
தனி ரப்பர் பேண்டில்:
முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், ஆறு ஜோடி.

அளவு கேட்டிருந்தார்கள்.
மற்ற ஐந்து பேரின் கால்களையும்
நான் அன்று டார்ச் வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறேன்,
சேற்றுக்கு மேலே இருந்த வரை.