நிற்க வேண்டிய உயரம்

செப்டம்பர் பாதியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.
"எப்போது சிவக்கும்?"

கயிற்றூர்தி நிலையத்தின் தொலைபேசி
என் மேசையில் இருக்கிறது.
பன்னிரண்டு இலையுதிர்காலமாக நான்தான் எடுக்கிறேன்.
"மலை, உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பழுத்து வரும்" என்பேன்.
"நாளொன்றுக்கு ஐம்பது மீட்டர், உத்தேசமாக.
நீங்கள் வரும் நாளைச் சொன்னால்
நிற்க வேண்டிய உயரத்தை நான் சொல்கிறேன்."

யாருக்கும் இந்தப் பதில் ருசிப்பதில்லை.
விடுப்பு விண்ணப்பத்தில்
உயரத்தை எழுத இடமில்லை.

ஆகவே ஒப்பிக்கிறேன்:
முதலில் உச்சி. குட்டைப் பைன்களுக்கிடையே ரோவன்.
இலை முந்துமா காய் முந்துமா என்று
ஒன்றையொன்று பார்த்துச் சிவந்துகொண்டிருக்கும்.
கையுறை கொண்டுவாருங்கள்.
அக்டோபர் நடுவில், பெட்டிக்குள் நின்றபடியே
பீச் காட்டின் தலைக்கு மேல் மிதப்பீர்கள்;
அது சிவப்பில்லை, ஏமாந்துவிடாதீர்கள்,
வறுத்த பார்லித் தேநீரின் நிறம்.
மேப்பிள் கடைசி. ஆற்றோரம், இரும்புப் பாலத்தடியில்,
நவம்பர் பிறந்து,
மற்ற மரமெல்லாம் கையை உதறிவிட்ட பிறகு.

சில வருடம், ஒரே ஒரு காலை,
மேலே பனி, நடுவே நெருப்பு, கீழே இன்னும் பச்சை.
எந்தக் காலை என்று
எனக்கு முதல்நாள் தெரிந்ததே இல்லை.
தெரியவரும்போது மேகம் மூடியிருக்கும்.

என் கணவன் தொகுஜிக்கு இலை வேறு.
அவன் மலை ரயில்பாதைப் பராமரிப்பில் இருக்கிறான்.
ஈர இலை சக்கரத்தில் அரைபட்டால்
தண்டவாளத்தில் கரும்பசையாகிவிடும்;
இரண்டு பெட்டி வண்டி, ஏற்றத்தில்,
மூன்றாம் சுரங்கத்துக்கு வெளியே
நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும்.
விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
கூட்டுகிறான், சுரண்டுகிறான், மணல் தூவுகிறான்.
"எங்கே அழகாக இருக்கிறது?" என்று கேட்டால்
"வழுக்குகிற இடத்தில்" என்பான்.
கிண்டல் என்றே நினைத்திருந்தேன்.

இந்த அக்டோபரில் சென்டாயிலிருந்து ஒருவர்.
குஸகாபே என்று பெயர்.
உரக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவராம்.
"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று" என்றார்,
"பிறவியிலேயே.
வருடா வருடம் அலுவலகத்தோடு வருகிறேன்.
எல்லாரும் ஆ என்கிற இடத்தில் நானும் ஆ என்கிறேன்.
இந்த முறை தனியாக வரலாமென்று.
நான் எப்போது வரவேண்டும்?"

என்னிடம் உயரம் இல்லை.
எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரவு, தொகுஜி காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.
யோசிக்கவில்லை:
"முப்பத்தொன்றாம் கிலோமீட்டர் நிறுத்தம்.
இறங்கி, ஓடைப்பக்கம் நடந்தால் ஒரு கட்சுரா.
இலை உதிரவேண்டும், அதை ஒரு மழை நனைக்கவேண்டும்,
அதற்கு மறுநாள்.
சர்க்கரை தீய்ந்த வாசனை வரும்.
இருட்டில் அந்த மரம் எனக்கு மூக்கில்தான் தெரியும்.
அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூட்டுவேன்."

இத்தனை வருடம் சொன்னதில்லையே என்றேன்.
"நீ கேட்டது அழகை" என்றான்,
மறு காலுறையைத் தேடிக்கொண்டு.

காத்திருந்தோம். பதினோரு நாள்.
திங்கட்கிழமை மழை.
செவ்வாய் காலை நானே அழைத்தேன்: "இன்று."
ஒரு தேதியைச் சொல்வது
எவ்வளவு சுகமாக இருக்கிறது.

அவர் என் மேசைக்கு வரவில்லை.
கயிற்றூர்தியில் ஏறவில்லை.
கடைசி வண்டி இறங்கிப்போன பின்
தொலைபேசி அடித்தது.
"வந்தேன்" என்றார்.
வெகுநேரம் மூச்சு மட்டும், பின்னால் ஏதோ ரயில் அறிவிப்பு.
"பசித்தது."