மூன்றாம் கை

முதல் ஜீப்புக்கு ஐந்து லட்சம் சொன்னார்கள்.
கிருஷ்ணகிரி, பெங்களூர் ரோடு, மேம்பாலம் இறங்கியதும் யார்டு.
கூரைமேல் எட்டு விளக்கு, முன்னால் வின்ச்,
கதவில் சிறகு விரித்த கழுகு.
"மலையை அப்படியே ஏறும் மேடம்."
எந்த மலை என்றேன்.
பையன் சையத்பாஷா மலையைக் காட்டினான்.
அதற்குப் படிக்கட்டுதான் வழி.

நான் நில அளவையர். இருபத்தாறு வருடம்
யார் எதைச் சொன்னாலும்
குனிந்து பார்த்துவிட்டு எழுதுகிற உத்தியோகம்.
யாருடைய காதணி விழாவோ, அந்தப் பிளெக்ஸை விரித்து
அடியில் போய்ப் படுத்தேன்.
முன்சக்கரத்துக்குப் போக வேண்டிய ஷாஃப்ட்
அங்கே இல்லை.
உள்ளே லிவர் இருந்தது, குமிழ் இருந்தது,
நான்கு சக்கரம் வரைந்த படம்கூட இருந்தது.
பட்டாவில் இருந்து தரையில் இல்லாத நிலம்
எனக்குப் புதிதல்ல.
மெக்கானிக் அமானுல்லா சிரித்தான்:
"ரீல்ஸ் எடுக்க இது போதும்க்கா."

இரண்டாவது வண்டி பர்கூர் தாண்டி,
மூடிக் கிடக்கிற குவாரியில்.
திம்மராயன் தார்ப்பாயை இழுத்ததும்
இரண்டு கோழிகள் குதித்து ஓடின.
ஜிப்ஸி. தொண்ணூற்றெட்டு.
மாவட்டம் பிரியும் முன் எடுத்த தருமபுரி நம்பர்.
(பிரித்தபோது சங்கிலி பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.)
நிறம் கல்தூசி.
அதற்கடியில் என்ன நிறம் என்பது
அவருக்கே மறந்துபோயிருந்தது.

பானட்டில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது.
ஆள் வருமுன் சூடேற்றி வைக்கத் தெரியாத மனிதர்,
அல்லது வேண்டாமென்று விட்டவர்.
மூன்றாவது சாவித் திருப்பலில் பிடித்தது.
நீலமாய் ஒரு இருமல், பிறகு சீரான பேச்சு.
அமானுல்லா ஆயில் கம்பியை விரலில் துடைத்து
முகர்ந்து, என்னைப் பார்க்காமல் தலையசைத்தான்.
சேஸிஸைத் திருப்புளியால் தட்டிக்கொண்டே போனேன்.
துரு இருந்தது, தோலோடு நின்ற துரு.
காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவில் வைத்தேன்.
இடப்பக்கம் ஒட்டியது.
வலப்பக்கம் நழுவி மண்ணில் விழுந்தது.

"பட்டி பூசினதுதான்," நான் கேட்குமுன் அவர்.
"ரெண்டாயிரத்து ஒன்பது, மழை, நாந்தான் கவுத்தேன்.
யாருக்கும் ஒண்ணும் ஆகலை,
இதைத் தவிர."
உதட்டை விலக்கி
முன்பல் இல்லாத இடத்தைக் காட்டினார்.

லோ கியர் போட்டுக் குவாரிச் சரிவில் ஏற்றினேன்.
முன்சக்கரம் யோசித்தது,
பின்சக்கரம் தள்ளியது,
நடுவே என் குடல்.
மேலே நின்று பார்த்தால்
வெட்டிய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்,
விற்காத கற்களில் சிவப்பு மையில் எண்கள்.
என் வேலை ஞாபகம் வந்தது. திருப்பிக்கொண்டேன்.

"எங்க போகப் போறீங்க?"
"ஸ்பிட்டி."
"சிட்டிக்கா? அதுக்கு ஸ்கூட்டி போதுமே."
"இல்லைங்க. இமயமலையில. அந்தாண்ட கோடியில."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்போ ஃபேன் பெல்ட் ரெண்டு வெச்சுக்குங்க."

ஒன்றே முக்கால் சொன்னார். ஒன்று நாற்பது என்றேன்.
டீ வந்து, ஏடு படிந்து, ஆறிப்போனது.
டயரில் வருடம் படித்துக் காட்டினேன்: வண்டிக்குப் பாதி வயது.
எஃப்.சி. செலவை என் தலையில் கட்டினார்.
கடன் தீர்ந்ததற்கான ஃபைனான்ஸ் கடிதத்தை
உரச்சாக்கு மடிப்பிலிருந்து எடுத்தபோது
அதன்மேல் பல்லி முட்டை ஒட்டியிருந்தது.
ஒன்று ஐம்பத்தெட்டு.
அடிக்கடி எண்ணிப் பழகாத விரல்களால் எண்ணினார்.
எலுமிச்சை மிளகாயைக் கழற்றிக்கொண்டார்,
அது விலையில் சேராது என்று.

காவேரிப்பட்டணம் பங்கில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது:
வலது கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.
கவிழ்ந்த பக்கம். இதை மட்டும் அவர் சொல்லவில்லை.
ஃபோன் போட்டேன். எடுத்ததும்,
"கண்ணாடிய இறக்கி, கைய வெளிய விட்டுத் திறங்க," என்றார்,
பதினாறு வருடமாய் அப்படித்தானாம்.

இறக்கினேன்.
முழங்கை வரை வெயிலில் நீட்டித்
துழாவினேன், பிடி எங்கே என்று.
பின்னால் நின்ற லாரிக்காரன்
வலப்பக்கம் திரும்புகிறேன் என்று நினைத்து
ஹாரனை நிறுத்திக்
காத்திருந்தான்.