இரைச்சல்: பூஜ்யம்

ஒரு ரா ஃபைலைத் திறந்ததும்
யாரும் கேட்காமலே சில வேலைகள் நடந்துவிடுகின்றன.
கூர்மை நாற்பது.
நிற இரைச்சல் இருபத்தைந்து.
அதற்கு மேல், எங்கள் முதலாளி ஜெபஸ்டின்
என்றைக்கோ சேமித்து வைத்தவை:
வெளிச்சம் முக்கால் படி கூட,
ஆரஞ்சு கொஞ்சம் வெளுக்க,
ஒளி இரைச்சல் நீக்கம் அறுபது.
திங்கள்சந்தையில் எடுத்தாலும் தேங்காய்ப்பட்டணத்தில் எடுத்தாலும்
எல்லா மணப்பெண்ணும்
பால்பேடா மாதிரிதான் திறப்பாள்.
நான் மறுத்துச் சொன்னதில்லை.
மூவாயிரம் படம், நாலு நாள்,
ஆல்பம் அச்சுக்குப் போகணும்.

இது கல்யாணப் படம் இல்லை.
வெள்ளி இரவு, முட்டம் பாறைமேல்,
மார்த்தாண்டத்தில் மூன்றாம் கையாய் வாங்கிய
என் சொந்தக் கேமராவை
முப்பது நொடி திறந்து வைத்தேன்.
கலங்கரை விளக்கம் சுற்றிச் சுற்றி
முதுகைத் தொட்டுவிட்டுப் போனது.
எதிரே, கணவாய்க்குப் போன ஏழு வள்ளம்.
ஒன்றில் என் அண்ணன் டெலஸ்.

காலையில் கடையில் திறந்தேன்.
ஒரு கணம் விளக்குகள் இருந்தன,
கேமரா தன் கையோடு கொண்டுவந்த சின்னப் படத்தில்.
சக்கரம் சுற்றி நின்றதும்
துடைத்த பலகை.
மென்பொருளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்:
இருட்டில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி
பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

அறுபதைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன்.
இருபத்தைந்தையும்.
கெட்ட புள்ளிகளை நீக்கு என்றிருந்த கட்டத்தில்
டிக்கை எடுத்தேன்.
வந்தன. எண்ணினேன்.
பத்து.

மூடியை மாட்டி,
அதே முப்பது நொடி, அதே ஐ.எஸ்.ஓ.,
எதையும் எடுக்காத படம் ஒன்று எடுத்தேன்.
அதிலும் நாலு விளக்கு எரிந்தது.
சிவப்பு இரண்டு, நீலம், வெள்ளை.
எந்தக் கடலுக்கும் போகாதவை,
கேமரா தனக்குள்ளே ஏற்றிக்கொண்டவை.
பத்தில் நாலு போனால் ஆறு.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.
மவுஸில் கை வழுக்கியது.
டெலஸின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

நிழலை நூறுக்கு ஏற்றினேன். கருப்பை ஏற்றினேன்.
வெளிச்சம் ஐந்து படி.
கடல் ஊதாவாகி, பச்சையாகி,
மணவாளக்குறிச்சி மணல்போல் பொடிப்பொடியாய் எழும்பியது.
வள்ளம் எழும்பவில்லை.
பதிவாகாத வெளிச்சத்தை எந்த ஸ்லைடரும் தராது.
புதிதாய்ச் சேரும் பையன்களுக்கு
நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன்.
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

பத்தே முக்காலுக்கு அவனே வந்தான்,
முழங்கை வரை கணவாய் மை.
"பன்னெண்டு மணிக்கே பேட்டரி செத்துப்போச்சு பிள்ளே,
இருட்டுல கெடந்து உறங்கினோம்.
போனும் அதோட போச்சு."
எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.
அவன் திரைக்குக் குனிந்தான்.
வலது மூலையில் ஒரு சிவப்புப் புள்ளியை
மை விரலால் அழுத்தி,
"இதுதான் நம்ம வள்ளம்" என்றான்.

அந்த நாலில் ஒன்று அது.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
"விளக்கு நல்லாத்தான் எரிஞ்சிருக்கு" என்றான்,
இருட்டில் உறங்கியதாய் இப்போதுதான் சொன்னவன்.
ஒரு பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னான்.
போட்டேன்.
புள்ளியோடு.

கேமராவின் வரிசை எண்ணுக்கு ஏற்றபடி
தனித்தனி இயல்பு வைக்க ஒரு வழி இருக்கிறது.
கடையின் இரண்டு கேமராக்களுக்கும்
ஜெபஸ்டின் வைத்ததே இருக்கட்டும்,
மணப்பெண்கள் காசு கொடுத்திருக்கிறார்கள்.
4417 என்று முடியும் என்னுடையதற்கு மட்டும்
எல்லாம் பூஜ்யம்.
சேமி என்பதை அழுத்தும்போது
இரண்டு முறை கேட்டது, உறுதியா என்று.

திங்கட்கிழமை அவர் வந்து பார்த்தார்.
"என்ன மக்கா இது, படம் முழுக்க மணலு?"
"முட்டம்" என்றேன்.
கிட்டே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
வலது மூலையில் அழுக்கு என்று நினைத்து
கர்ச்சீப்பை எடுத்துத்
திரையை அழுத்தித் துடைத்தார்.
மை போயிற்று.