குளம் கூடிவிட்டது

டாரோ கவுண்டி பண்ணை அலுவலகத்தில்
எனக்கு ஜன்னலோர மேசை.
வெளியே தானியக் கிடங்கின் கோபுரம்.
மதியம் மூன்றுக்கு அதன் நிழல்
என் தட்டச்சுப்பொறிமேல் ஏறும்.
அப்போதுதான் காப்பி.

இந்த வருஷம் கோதுமை விலை
விதை விலைக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.
வாஷிங்டனில் ஒரு தொகை அறிவித்தார்கள்.
மறுநாள் விடியலில்
பனி தள்ளாத எங்கள் வாசலில்
பதினோரு பிக்கப் வண்டிகள்,
எஞ்சினை அணைக்காமல்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள்.
இங்கே கணக்கு என்னிடம்.
மிஞ்சாதது எனக்கும் தெரிகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகப் பெரிய காசோலை
மினியாபொலிஸில் ஒரு பதினாலாவது மாடிக்குப் போகிறது.
ஏழு பங்குதாரர்கள்.
ஏழாமவருக்கு வயது இரண்டு.
அவர் பெயரில் ஆயிரத்து நூறு ஏக்கர் பார்லி,
அவருக்காக அம்மாவின் கையெழுத்து.
விதி அனுமதிக்கிறதா என்று
இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.
அனுமதிக்கிறது.
முத்திரை குத்தினேன்.

என் தம்பி ராய்ஸின் கோப்பை
நான் தொடக் கூடாது, அதுவும் விதி.
பக்கத்து மேசை மார்லிஸிடம் தள்ளிவிட்டு
கழிவறைப் பக்கம் போய்விடுவேன்.
வெள்ளிக்கிழமை பௌலிங் கூடத்தில்
அரசாங்கச் சோறு தின்கிறவர்களைப் பற்றி
அவன் உரக்கப் பேசும்போது
மார்லிஸ் குனிந்து
ஷூ லேஸைக் கட்டுவாள்,
வெகுநேரம்.

வியாழக்கிழமை ஆர்விட் ட்ரோஸ்டல் வந்தார்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
"அந்தப் படத்தை எடுங்களேன்" என்றார்.
விமானத்திலிருந்து எடுத்த படம்.
அவர் நிலத்தைச் சுற்றி என் சிவப்புக் கோடு,
நடுவே கட்டைவிரல் ரேகை மாதிரி ஒரு குளம்.

"குளம் கூடிவிட்டது.
ஆறு வருஷ மழை.
இந்தப் பக்கம் மூன்று ஏக்கராவது தண்ணீர்.
நீங்கள் இன்னும் கோதுமை என்றே எழுதுகிறீர்கள்."

யாரும் வந்து அளக்கப் போவதில்லை என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
படத்தைத்தான் பார்த்தார்.
"வாத்து குஞ்சு பொரித்தது அங்கே" என்றார்,
சாட்சிக்கு ஆள் சொல்வதுபோல.

பென்சிலை அவரிடமே கொடுத்தேன்.
நகக்கண்ணில் கிரீஸ்.
கரையோரம் நடந்து போகிற வேகத்தில் வரைந்தார்.
ஓரிடத்தில் நின்றார், அழித்தார்,
கோட்டை இன்னும் கொஞ்சம்
தன் வயலுக்குள் தள்ளினார்.

அளவுச் சக்கரத்தை ஓட்டினேன்.
மூன்று புள்ளி நான்கு ஏக்கர்.
ஐம்பத்தெட்டு டாலர் குறைந்தது.
"டீசலுக்கு..." என்று எதையோ தொடங்கி
தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் உறைகளை அஞ்சல் பையில் போட்டேன்.
பதினாலாவது மாடியும் ஆர்விட்டும்
கைக்கு ஒரே கனம்தான்.
ராய்ஸின் உறையில் கண்ணாடித்தாள் வழியே
எண் தெரிந்தது.
பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு.
உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்துவான்.
நானும் எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

ஆர்விட்டின் கோட்டின்மேல்
சிவப்பு மை ஓட்ட வேண்டும், அதுதான் நடைமுறை.
பென்சிலாகவே விட்டிருக்கிறேன்.
ஏப்ரலில் பனி உருகும்.
குளம் எங்கே போய் நிற்கும் என்று
அதனிடம் யார் கேட்பது.