பிசினஸ் ஸ்கூல், முதல் காலை

தோல்வி ஒன்றை முந்நூறு சொற்களில்
எழுதச் சொன்னார்கள்.
வெற்றியில் முடிகிற தோல்வியாகப் பார்த்து எழுதினேன்.
காத்திருப்போர் பட்டியல். மே மாதம் முழுக்கக்
கைப்பேசியை அடைகாத்தேன்.

இன்று பாஸ்டனில், பெயர்ப்பலகைக்குப் பின்னால் நான்.
முதல் பாடமே
மெய்ன் மாநிலத்துக் காகித ஆலை:
நட்டம், கடன், ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.
ஆலைக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள்;
ஆற்றுக்கு மாற்றவில்லை.

"எந்த ஷிஃப்ட்டை முதலில் நிறுத்துவீர்கள், மிஸ் திபடோ?"

இரவு ஷிஃப்ட் என்றால் எனக்கு ஆர்மண்ட் பூஷே.
பனியில் செத்துக் கிடந்த என் காருக்கு
உயிர் கொடுத்துவிட்டு
கையிலிருந்த டோனட்டிலும் பாதி தந்தவர்.

"அட்டவணை மூன்றின்படி..." என்று தொடங்கினேன்.
குரல் நடுங்கவில்லை.

பேராசிரியர் சாக்பீஸை எடுத்து
அழகான கையெழுத்தில் எழுதினார்:
இரவு ஷிஃப்ட்.