சிட்டையில் ஒன்பதாவது வரி

"பேஸ்பாலா? கிரிக்கெட்தானே அது,
கொஞ்சம் கோணலா?" என்றார் செயலாளர்.
ஆமாம் சார் என்றேன்.
வாதாடினால் ஒதுக்கீட்டில் கிடைத்த ஒன்பது இடமும்
போயிருக்கும்.
இருபத்தாறு வயது. ஒப்பந்த வேலை.
மட்டை மூன்று, அதில் ஒன்று விரிசல்.
கையுறைகள் மீரட்டிலிருந்து லாரியில் வருகின்றன,
வந்துகொண்டே இருக்கின்றன.

காரைக்குடிக் கடைத்தெருவில்
கணக்கெழுதும் சிவப்பு அட்டைச் சிட்டை ஒன்று வாங்கினேன்.
பிள்ளையார் சுழி போட்டு
ஒன்று முதல் ஒன்பது வரை எழுதினேன்.
எண்ணுக்கு எதிரே ஆளில்லை.

கோட்டையூரில் ஒரு வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது.
கீழே இருந்தவன் செங்கல்லை விட்டெறிய
மேலே இருந்தவன் பேச்சுவாக்கில் பிடித்து அடுக்கினான்.
வண்டியை நிறுத்தி எண்ணினேன்.
நூற்றெழுபது வரை ஒன்றும் தவறவில்லை,
பிறகு டீ வந்துவிட்டது.
சாரத்தில் ஏறிக் கேட்டேன், "தம்பி, பிளஸ் டூ பாஸா?"
பாஸ். பெயர் அடைக்கலம்.
கேட்சர், என்று மையில் எழுதினேன்.
எறிந்தவன் மலைக்கண்ணு. இடது கை.
கணக்குப்பதிவியலில் ஃபெயில்.
சிட்டையை மூடிக்கொண்டேன்.

கல்லலில் ஒரு அம்மா கேட்டார்:
"எவ்வளவு கட்டணும்?"
கட்ட வேண்டாம், விடுதிகூட இலவசம்.
"அப்ப எதையோ மறைக்கிறீங்க."
உள்ளிருந்து அவர் கணவர்:
"அடிச்சுட்டு எங்க ஓடணும்?"
சுற்றிவந்து, கிளம்பின இடத்துக்கே.
"நான் சிங்கப்பூர்ல பதினோரு வருசம்
அதத்தான் ஓடுனேன்" என்று
மகனை அனுப்பிவைத்தார்.

சிங்கம்புணரியில் கயிற்று ஆலையிலிருந்து
சேவுகனைக் கூட்டிவந்தேன். ஆறடி இரண்டங்குலம்.
எட்டு மாதம் வீசக் கற்றுக்கொடுத்தேன்.
மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில்
சென்னைக் கல்லூரி ஒன்று
ஸ்பைக் ஷூவும் மெஸ் கட்டணமும் தருவதாகச் சொன்னது.
பேருந்து நிலையம்வரை நானே கொண்டுபோய் விட்டேன்.
கயிற்று முதலாளி முகம் எனக்கு
அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

திருச்சியில் பத்தொன்பதுக்கு ஒன்று.
அந்த ஒன்றும் அவர்கள் கைதவறிக் கொடுத்தது.
திரும்பும் வேனில் ஒருவரும் பேசவில்லை;
புதுக்கோட்டை தாண்டி அடைக்கலம் மட்டும்,
"சார், மலைக்கண்ணு வீசுனா
இவங்க மட்டையத் தேடுவாங்க" என்றான்.

மறுநாள் சாயங்காலம்
சிமெண்ட் காயாத கையோடு வந்து நின்றான் மலைக்கண்ணு.
இடது கைக்காரனுக்கு மாட்ட ஒரு கையுறையும் இல்லை.
வெறுங்கையோடு
செம்மண் மேட்டில் ஏறி, முதல் பந்தை எறிந்தான்.
அடைக்கலம் எழுந்து
உள்ளங்கையை ஊதிக்கொண்டான்.
எனக்குப் பேச்சு வரவில்லை. இன்னொன்று, என்றேன்.

அன்றிலிருந்து இப்படித்தான்:
நாற்பது பந்து வீசுவான். பிறகு மைதான விளக்கடியில்
பி.காம். படிக்கும் நவாஸ் பாடம் நடத்துவான்.
"உள்வருவதைப் பற்று வை.
வெளிச்செல்வதை வரவு வை."
"போறது எப்படிடா வரவாகும்?"
அதிலேயே நின்றுகொண்டிருக்கிறான் மூன்று வாரமாக.
நவாஸ் என்னைக் கேட்டான்.
சேவுகனை எந்தப் பக்கம் எழுதுவதென்று
எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை துணைத்தேர்வு.
ஒன்பதாவது வரியில் அவன் பெயர் பென்சிலில் இருக்கிறது;
இரண்டு முறை அழித்து எழுதியதில்
தாள் அங்கே மெலிந்துவிட்டது.

நேற்றிரவு சென்னையிலிருந்து போன்.
இனிப்பான குரல்: "தம்பி, உங்க ஊர்ல
யாரோ லெஃப்ட் ஹேண்ட் பிட்சர் இருக்கானாமே?"
பின்னால் பந்து கையுறையில் விழும் சத்தம்.
அவருக்கும் கேட்டிருக்கும்.
ராங் நம்பர் சார், என்றேன்.