மிச்சக் காற்று

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில்.
வாசலோரம் நின்று கத்துகிறான் எபிநேசர்:
"டயர் கம்பெனி ஷேர், ஒரே வருஷம்,
பதினெட்டு சதவீதம்!"
சட்டை பாய்மரமாய்ப் புடைக்கிறது.

டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வங்கியில் சும்மா கிடந்தாலே ஆறு.
சந்தை தந்தது பதிமூன்று.
இவன் பங்கின் பீட்டா ஒன்று புள்ளி ஏழு,
சந்தை ஓரடி குதித்தால்
இது ஒன்றே முக்கால் அடி குதிக்கும்,
விழும்போதும் அப்படியே.
ஆக, வரவேண்டியதே
பதினேழு புள்ளி ஒன்பது.
ஆல்ஃபா
புள்ளி ஒன்று.

கலங்கரை விளக்கம். ரயில் நின்றது.
சட்டை தொய்ந்து முதுகோடு ஒட்டியது.
அத்தனை காற்றும் வண்டியுடையது.

பிறகு கடல் பக்கமிருந்து ஏதோ
காலர் நுனியை மட்டும் அசைத்தது.
டிக்கெட்டைப் பிடுங்கினான்.
கடைசி வரியில் விரல் வைத்து
"இது என்னது" என்றான்.

கேள்வியா என்று
நான் கேட்கவில்லை.